நிழலை அழிக்காத லூர்துமேரி

செய்தி வந்தபோது நான் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் என் ஸ்டூடியோவின் காலைப் பொழுது பெரும்பாலும் அதில்தான் போகும். முகத்தில் நிழல் விழக் கூடாது, பின்னால் சுவரிலும் விழக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். "அது ஃபோட்டோ இல்ல சார், அங்க அடையாளம்" என்று லூர்துமேரி அவர்கள் கேலி செய்வார். வந்திருந்தவரின் மோவாயை நிமிர்த்திவிட்டுக் கேமராவுக்குத் திரும்பும்போது ஃபோன் அடித்தது. லூர்துமேரியின் மகள் ஜெசி.

"மாமா, அம்மா போய்ட்டாங்க. காலையில ஆறு மணிக்கு. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க."

எதிர்பார்த்த செய்திதான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் திண்டிவனத்து வீட்டுக்குமாக எட்டு மாதம் அலைந்தவர். அந்தப் படத்தை எடுத்து முடித்துத்தான் கடையைச் சாத்தினேன். உட்காரவைத்த ஆளைப் படம் எடுக்காமல் எழுப்பி அனுப்பினால் லூர்துமேரிக்குக் கெட்ட கோபம் வரும்.

திண்டிவனத்தில் 'மேரி மேடம்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றித் தனியே கையில் பிடித்தவர் அவர். பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் நிழலிலுமாக, கருத்த முகத்தைக் கருப்பாகவே காட்டி, அதைப் பார்த்தவரைத் தலைநிமிர வைத்தவர். விழுப்புரத்தில் என்னை 'லைட்டிங் சேகர்' என்பார்கள். அந்தப் பட்டத்தில் முக்கால்வாசி அவருடையது. அவர் இருக்கும்போதே நாலு பேர் முன்னால் இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1993இல் விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கேமரா, அவர் டச்சிங். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பையில் டிபன் பாக்ஸும் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) இருக்கும். மல்லாட்டைத் தோலை என் மேஜைக்கடியில் தள்ளிவிடுவதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். நான் கத்துவேன். "சார் கத்தினா அன்னைக்குப் படம் ஷார்ப்பா வருது" என்பார்.

டச்சிங் என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. நெகட்டிவை விளக்குக்கு மேல் வைத்து, கூர்மையான பென்சிலால் முகத்தின் மேல் மெல்லத் தீட்டுவது. தீட்டிய இடம் அச்சில் வெளுக்கும். பருவும் தழும்பும் மறையும். கருப்பு முகம் மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். மேரியின் கை அதில் பேர் போன கை. பெண் பார்க்கும் ஃபோட்டோ என்றால் காணை, செஞ்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் எங்கள் ஸ்டூடியோவைத் தேடி வருவார்கள். "மேரி கைபட்டா வெள்ளைக்காரியாயிடுவா" என்று முதலாளி பெருமையடிப்பார். மேரியும் சிரித்துக்கொள்வார்.

காணைப் பக்கத்திலிருந்து பூங்கொடி என்று ஒரு பெண் வந்திருந்தார். கரும்பு வெட்டும் குடும்பம். நல்ல கருப்பு, நல்ல களை. நான் படம் எடுத்தேன், மேரி தீட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்து நின்றார். கையில் அந்தப் படம். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்களாம். நேரில் வந்து பார்த்துவிட்டு, "ஃபோட்டோவுல இருக்கிறது வேற பொண்ணு" என்று சொல்லிவிட்டு, போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்களாம்.

பூங்கொடி அழவில்லை, சண்டை போடவில்லை. படத்தை மேரியின் மேஜைமேல் வைத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்கா, என்ன யாருன்னு நெனச்சிக்கினு இத்த வரைஞ்சீங்க?"

அந்தப் பெண் போன பிறகு மேரி பென்சிலை டப்பாவில் போட்டு மூடினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"சார், உங்க மேல எனக்குக் கோவம்."

"என் மேலயா? நான் என்னா பண்ணேன்?"

"நீங்க நேரா மூஞ்சியில அடிக்கிற ஃபிளாஷ்லதான் கருப்பு மூஞ்சி தட்டையாவுது. சப்பாத்தி மாதிரி. அப்புறம் நான் மூக்கு வரையணும், கன்னம் வரையணும், கலரு ஏத்தணும். நெகட்டிவ்ல பாத்துப் பாத்து எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கமா உக்காந்திருக்கிற ஆளுங்க படத்துக்கு நான் பென்சிலே வெக்க வேண்டியதில்ல. வெளிச்சம் பக்கத்துலருந்து வரணும் சார். அந்தப் பொண்ண நான் ஒருவாட்டி ஒழுங்கா எடுத்துக் குடுக்கணும். அவ மூஞ்சியிலயே."

எனக்குச் சுருக்கென்றது. கேமராவைத் தொட்டே பார்க்காத ஒரு டச்சிங்காரர் எனக்கு லைட்டிங் சொல்லித்தருகிறாரா என்று இருந்தது. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் என்னுடைய பழைய ஆல்பங்களைப் புரட்டினேன். எல்லா முகமும் சப்பாத்திதான்.

அப்படித்தான் எங்கள் பாடம் தொடங்கியது. முதலாளி மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் பள்ளிக்கூடம். ரேடியோ ரிப்பேர் கடையில் சொல்லி, கேமராவையும் ஃபிளாஷையும் இணைக்க மூன்று மீட்டர் ஒயர் செய்து வாங்கினோம். "நீங்க கேமராவ பாத்துக்குங்க, வெளிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று ஃபிளாஷை அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் முகம் அவருடையது, ஒருநாள் என்னுடையது. மற்றவர் கேமராவில் நிற்பதால், முகமாக உட்காருகிறவர் ஃபிளாஷையும் ஒரு குச்சி நுனியில் கட்டித் தானே நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

முதல் ஃபிலிம் ரோல் முழுக்கப் பேய்ப்படம். ஃபிளாஷைக் கீழே பிடித்ததில் என் மூக்கின் நிழல் நெற்றிவரை ஏறியிருந்தது. இரண்டாவது ரோலில் உச்சந்தலைக்கு மேலே பிடித்தோம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. எங்கள் சம்பளத்துக்கு ஒரு ரோல் வீணானாலே வயிறு எரியும். "விடும்மா, பேஜாரு புடிச்ச வேல" என்றேன். அவர் விடவில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷ் எங்கே இருந்தது என்று எழுதி வந்தார். 'வலது தோளுக்கு மேல், ஒரு சாண் உயரம், மூன்று முழம் தூரம்.' இப்படி.

மூன்றாவது ரோலில் ஒரு படம். நெகட்டிவை விளக்கில் வைத்துப் பார்த்த மேரி கூவினார். "சார், ஜல்தி வாங்க!" அச்சுப் போட்டுப் பார்த்தோம். என் முகம்தான். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, அந்த இருட்டுக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம். என் மூஞ்சியா இது என்று இருந்தது. கர்வமாகக்கூட இருந்தது. "பாருங்க, உங்களுக்கு எலும்பெல்லாம் இருக்குது" என்றார் மேரி.

அந்த அளவைத் தவறவிடக் கூடாது என்று அவர் செய்த வேலைதான் பின்னால் எல்லோரும் பேசிய கயிறு. ஒரு வெள்ளைக் கயிற்றின் நுனியை ஃபிளாஷில் கட்டினார். மூன்று முழத்தில் ஒரு முடிச்சு, நாலு முழத்தில் ஒரு முடிச்சு, ஆறு முழத்தில் ஒரு முடிச்சு. எந்த முடிச்சு உட்கார்ந்திருப்பவரின் மூக்கைத் தொடுகிறதோ அதைச் சொல்வார். மூன்று என்றால் நான் லென்ஸின் திறப்பைப் பதினாறில் வைப்பேன், நாலு என்றால் பதினொன்று, ஆறு என்றால் எட்டு. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வாங்க வழியில்லாத எங்களுக்கு அதுதான் மீட்டர். "என்னா மேடம், ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரித்த முகத்தோடு அவர்கள் இருக்கும்போதே நான் படம் எடுத்துவிடுவேன். அதுவும் அவர் போட்ட திட்டம்தான்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் துணிந்து இறங்கினோம். ஒயர் காலில் தட்டும் என்பதால் 'ஸ்லேவ்' என்ற சின்னக் கண் ஒன்றை மேரியின் ஃபிளாஷில் மாட்டியிருந்தோம். கேமராவில் பேருக்கு ஒரு சின்ன ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கண் அதைப் பார்த்துத் தன்னுடைய ஃபிளாஷையும் அடிக்கவைக்கும். ஆனால் யாருடைய ஃபிளாஷ் என்று அதற்குத் தெரியாது. நாங்கள் பெண் வீட்டு ஆட்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு ஃபோட்டோக்காரர் வந்திருந்தார். அவர் படபடவென்று அடிக்க, மேரி கையிலிருந்த ஃபிளாஷும் கூடவே அடித்துத் தீர்த்தது. தாலி கட்டும் நேரத்தில் அவர் எனக்கு ஒரு கணம் முந்திவிட்டார். நான் அமுக்கியபோது மேரியின் ஃபிளாஷில் உயிரில்லை. என் படத்தில் மேளக்காரரின் மோதிரம் மட்டும்தான் தெளிவு.

பெண்ணின் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் பண்ருட்டிக்காரர் ஆல்பத்தோடு எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்தார். முகத்தில் ஒரே குழப்பம்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. எங் கேமராவுக்கு என்னமோ ஆயிட்சி. படமெல்லாம் சினிமா மாதிரி வந்துக்கீது. எப்படின்னே தெரியல."

மேரி அந்தத் தாலிப் படத்தைப் பார்த்தார். குனிந்த பெண்ணின் கருத்த கன்னத்தில் பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சம், கழுத்தில் மஞ்சள் கயிறு. சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அண்ணே, கேமரா உங்களுது, வெளிச்சம் என்னுது." பண்ருட்டிக்காரர் நல்ல மனுஷர். அந்த நெகட்டிவையே எங்களுக்குக் கொடுத்துவிட்டார். பெரிதாகப் போட்டுப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தோம். வெளுக்கவில்லையே என்று கேட்பார் என்று நான் வாயில் பதில் வைத்திருந்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எம் பொண்ணுதான் இது" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பும்போது மேரி சொன்னார்: "சார், அந்தக் காணைப் பொண்ணத் தேடணும்." தேடினோம். குடும்பம் கரும்பு வெட்ட வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சில வருஷங்களில் திண்டிவனத்தில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார் மேரி. கணவர் அந்தோணி தவணையில் கேமரா வாங்கிக் கொடுத்தார். திறப்பு அன்று வாசலில் நின்று நான் முதல்முறையாக "மேடம்" என்று கூப்பிட்டேன். "என்னா சார் புதுசா?" என்று வெட்கப்பட்டார். உள்ளே ஒரு போர்டு தொங்கியது: 'இங்கு முகத்தை வெளுப்பாக்கித் தர மாட்டோம்.' எனக்குத் திக்கென்றது. கடை போட்ட அன்றே வாடிக்கையாளரை விரட்டுகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததுபோலவே ஆறேழு மாதம் ஈ ஓட்டினார். போர்டை மட்டும் கழற்றவில்லை.

முதலில் கேட்டு வந்தவர்கள் நாடகக்காரர்கள். பிறகு உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர், தேர்தல் போஸ்டருக்காக. படத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "என்னாம்மா, பாதி மூஞ்சியக் காணோம்?" மேரி அசரவில்லை. "அந்தப் பாதியத் தேர்தலுக்கு அப்புறம் காட்டுவீங்க இல்ல, அப்ப எடுத்துத் தர்றேன்." கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தோடுதான் போஸ்டர் அடித்தார். ஊர்ச் சுவரெல்லாம் மேரியின் முக்கோண வெளிச்சம். அதன் பிறகு கடையில் உட்கார நாற்காலி போதவில்லை. பள்ளிக்கூட ஆசிரியைகள், புதுசாகக் கல்யாணமானவர்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், குயிலாப்பாளையத்திலிருந்து தச்சர் ஒருவர் தன் உளியோடு. ஆள் கருப்பாக இருந்தால் மேரிக்கு உற்சாகம் கூடும். "கருப்புதான் சார் வெளிச்சத்த வாங்கித் திருப்பிக் குடுக்குது" என்பார்.

டிஜிட்டல் வந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் முகம் வெளுக்கும் காலம். நானே சில கல்யாண ஆல்பங்களில் தட்டியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மேரி ஒருமுறை இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோபம் வந்தால் அவர் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற அம்மாவா இது என்று கேட்பவர்கள் திகைப்பார்கள். ஒயர் போய் ரேடியோ ட்ரிக்கர் வந்தது, கேமரா பின்னாலேயே படம் தெரிந்தது. கயிற்றை மட்டும் அவர் விடவில்லை. மூக்கில் முடிச்சு தொடும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், அது எந்த மெஷினிலும் வராது என்றார்.

போன வருஷம் அவருக்கு உடம்பு கெட்டது. சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் பார்க்கப் போயிருந்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸ், கேஸ் ஷீட்டையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க விழுப்புரத்துல டச்சிங் பண்ணிக்கினு இருந்தவங்கதான?"

மேரி அவரையே பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் நெகட்டிவில் படித்த முகம் அவருக்கு மறக்காது.

"பூங்கொடி" என்றார்.

அந்த மாப்பிள்ளை போன வேகத்தில், சித்தி வீட்டில் தங்கி நர்ஸிங் படித்தாராம் பூங்கொடி. பிறகு மனசுக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாராம், இரண்டு பிள்ளைகள். "பாக்கப் போனா உங்க பென்சிலுக்கு நான் நன்றி சொல்லணும்க்கா" என்று சிரித்தார். மேரி சிரிக்கவில்லை. "நீ படிச்சது உன் கெட்டிக்காரத்தனம்மா. என் தப்பு தப்புதான். சார், நாளைக்குக் கேமராவோட வாங்க. என் ஃபிளாஷயும் எடுத்துக்கினு வாங்க, கயிறு அதுலயே இருக்கும்."

வார்டுக்குள் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. மறுநாள் பூங்கொடியின் டியூட்டி முடிந்ததும் நாலு மணிக்குச் சக்கர நாற்காலியில் மேரியைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். பூங்கொடி யூனிஃபார்மிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நல்ல வெயில். லென்ஸின் திறப்பைச் சுருக்கச் சொன்னார் மேரி. கேமரா திரையில் வானம் கருநீலமாக இறங்கும்வரை சுருக்கினேன். கயிற்றை நானே பிடித்துப் பூங்கொடியின் மூக்கில் வைத்தேன். மூன்றாம் முழத்து முடிச்சு. "சிரிக்காதம்மா" என்றார் மேரி. பூங்கொடி சிரித்தார். நாற்காலியிலிருந்து எம்பி மேரி ஃபிளாஷை உயர்த்தினார். பிடித்துக்கொள்ளப் போன ஜெசியைக் கண்ணாலேயே தடுத்தார். ஒரே படம்தான். அவ்வளவுதான் அவர் கையில் தெம்பிருந்தது.

கேமராவை வாங்கிப் பூங்கொடி பார்த்தார். பட்டப்பகலில் இருண்ட வானம், அதன் முன்னால் கருத்து மின்னும் முகம், கன்னத்தில் அந்த முக்கோணம், அடக்க முடியாத சிரிப்பு.

"இப்ப நான் யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

"தெரிஞ்சுதும்மா" என்றார் மேரி. அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"அப்ப இப்படிக் குடுங்க" என்று ஃபிளாஷை வாங்கிக்கொண்டார் பூங்கொடி. "இப்ப உங்க முறை." முடியில்லாத தலையோடு எதற்கு என்று மேரி முரண்டு பிடித்தார். "வெளிச்சத்துக்கு முடி எதுக்குக்கா?" என்றார் பூங்கொடி. நான் எடுத்தேன்.

அந்தப் படத்தைத்தான் ஜெசி அஞ்சலிப் பேனருக்குக் கொடுத்தாள். நான் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது அவள் ஃபிளெக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் அவள் அம்மாவின் முகம் பளபளவென்று, இரண்டு பக்கமும் ஒரே வெளுப்பாக.

"ஒரு பக்கம் டார்க்கா இருந்துச்சி சார்" என்றார் கடைக்காரர், நல்லது செய்த திருப்தியோடு. "வெளிச்சத்தத் தூக்கி உட்டேன்."

ஜெசி என்னைப் பார்த்தாள். "மாமா, இது எங்கம்மா இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்குக் கடைக்காரரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. நானும் அந்தப் பட்டனைத் தட்டியவன்தானே. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். நெற்றியில் நிழல் திரும்பியது, பிறகு கன்னத்தில், பிறகு கழுத்தில். கடைசியில் இருட்டுப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே அந்தச் சின்ன முக்கோணம் தானாகவே வந்து நின்றது. கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இப்படியே உட்டுறதா சார்?"

"இப்படியே."

எங்கள் வட்டாரத்து ஸ்டூடியோக்காரர்கள் அத்தனை பேரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். பண்ருட்டிக்காரரும் வந்தார், கோலூன்றி. பூங்கொடி டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாதா கோயில் தெருமுனையில் அந்தப் பேனர். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் கீழே நின்றபோது, இவரோடு வேலை பார்த்தவன் நான் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவும் செய்தேன், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

ஃபிளாஷை ஜெசி வைத்துக்கொண்டாள். கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டாள். மூன்றாம் முழத்து முடிச்சு இத்தனை பேர் மூக்கில் பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்கிறது. துவைக்கப் போவதில்லை.

போய் வாருங்கள், மேடம். கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன்.